கரிசல் மண்ணில் வீடு: ஓர் ஒப்பந்ததாரரின் பணி குறித்து

கோவில்பட்டியில் எங்கள் 1,200 சதுர அடி வீட்டைப் பொருள்களோடு சேர்த்துச் சதுர அடி விலையில் கட்டித் தந்த உள்ளூர் ஒப்பந்ததாரரின் பணியை, அவர் கூடுதல் செலவுகளைக் கையாண்ட முறையை வைத்தே மதிப்பிட விரும்புகிறேன். வீடு கட்டுவோரின் கணக்கு பெரும்பாலும் அங்கேதான் கைமீறிப் போகிறது.

முதலில் பாராட்ட வேண்டியது கடைக்கால் வேலை. மழையில் உப்பிக் கோடையில் வெடிக்கும் கரிசலில், வானம் (அஸ்திவாரக் குழி) எவ்வளவு ஆழம் போகும் என்பது தோண்டிய பிறகே உறுதியாகும். ஐந்தடி வரை சதுர அடி விலையில் அடங்கும் என்றும், அதற்குக் கீழே போனால் தோண்டுகூலி, காங்கிரீட், கம்பி ஆகியவற்றுக்குத் தனித்தனி விலை இன்னது என்றும் அவர் ஒப்பந்தத்திலேயே எழுதியிருந்தார். கெட்டியான சுக்கான் பாறை தட்டுப்பட ஏழடி ஆனபோது, இரு தரப்பும் நாடா பிடித்து அளந்து அன்றே கையெழுத்திட்டோம். பேச்சு முற்ற இடமே இருக்கவில்லை. சம்ப், செப்டிக் டேங்க், காம்பவுண்டுச் சுவர் மூன்றும் சதுர அடிக் கணக்கில் சேராது என்பதையும் அவர் மறைக்கவில்லை.

டைல்ஸ் விஷயத்தில் இந்தத் தெளிவு இல்லை. சதுர அடிக்கு 50 ரூபாய் வரை என்று மட்டும் இருந்ததால், 70 ரூபாய் டைல்ஸைத் தேர்ந்தெடுத்தபோது 20 ரூபாய் வித்தியாசத்தோடு வெட்டுச் சேதாரமும் வண்டி வாடகையும் பில்லில் ஏறின. பால்கனியை முழுப் பரப்பாகக் கணக்கிடுவதா பாதியாகவா என்பதும் எழுதப்படவில்லை; முழுப் பரப்புக்கே பணம் கேட்டார், பேசித்தான் குறைத்தோம்.

ஒப்பந்தத்தின் கடைசி வரியில் இருந்த ‘ஜிஎஸ்டி தனி’ என்பது சிறு விஷயமன்று. பொருளோடு கட்டித் தரும் ஒப்பந்தத்துக்கு வரி 18 சதவீதம்; 30 லட்ச ரூபாய் வேலைக்கு 5,40,000 ரூபாய். தனி வீட்டுக்கான வெறும் கூலி ஒப்பந்தத்துக்கு இந்த வரி இல்லை என்பதால், இரண்டு வகை விலைகளையும் ஒப்பிடுவோர் வரியையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

ஒரு மழைக்காலம் முடியும்வரை 5 சதவீதத் தொகையை நிறுத்திவைக்க அவர் மறுக்காமல் ஒப்புக்கொண்டதை மிகவும் மதிக்கிறேன். ஐப்பசி மழையில் மாடிப்படி அறையின் இணைப்பில் நீர் கசிந்தபோது ஆளனுப்பிக் கூலி கேட்காமல் சரிசெய்தார். டைல்ஸ், பால்கனி ஆகிய இரண்டையும் முன்கூட்டியே எழுதி வாங்கிக்கொள்பவர்கள் இவரிடம் தயங்காமல் வேலையை ஒப்படைக்கலாம்.