ப்ளூடூத்தா, ஒயரா?

ப்ளூடூத் ஹெட்போனில் பாட்டுக் கேட்கும் தர்மபுரி நண்பர் புலம்பினார்: “பாட்டு ஆப்புல 24 பிட், 192 கிலோஹெர்ட்ஸ்னு உயர்ந்த தரம் காட்டுது, காதுல வித்தியாசமே தெரியலைங்க!”

ப்ளூடூத்தில் எப்படித் தெரியும்? ஒயர் இல்லாமல் அனுப்ப, பாட்டைச் சுருக்கும் முறைக்குக் கோடெக் என்று பெயர். அதில் உயர்தரமான எல்டிஏசி (LDAC) கோடெக்கே அதிகபட்சம் நொடிக்கு 990 கிலோபிட்தான். சாதாரண சிடிக்கே 1,411 வேண்டும். ஐபோனில் அந்தக் கோடெக்கும் கிடையாது. ஆண்ட்ராய்டு என்றால் டெவலப்பர் ஆப்ஷன்ஸில் பாருங்கள், எஸ்பிசி (SBC) என்ற அடிப்படைக் கோடெக்கில் ஓடிக்கொண்டிருக்கலாம்.

ஒயர் ஹெட்போனோடு சின்ன யூஎஸ்பி டாக் (DAC, டிஜிட்டல் பாட்டை ஒலி சிக்னலாக மாற்றும் கருவி) போட்டால் இந்தச் சுருக்கல் இல்லை. ஆனால் ஆண்ட்ராய்டு பெரும்பாலும் 48 கிலோஹெர்ட்ஸுக்கு மாற்றித்தான் அனுப்பும். அதைத் தவிர்க்க, டாக்குக்கு நேரடியாகப் பாட்டை அனுப்பும் ஆப் வேண்டும். கொஞ்சம் தொல்லைதான்.

சேலம் பஸ் தொப்பூர் கணவாயில் இறங்கும்போது இன்ஜின் இரைச்சலில் இரண்டும் ஒன்றே. எனக்குப் பஸ்ஸில் ப்ளூடூத், ராத்திரி வீட்டில் ஒயர்.