நிதிக் குற்றங்களும் ரிக்கோ சட்டமும்: ஓர் இணையவழிப் படிப்பின் மதிப்புரை

ஓர் அமைப்பின் வழியே தொடர் குற்றம் புரிவோரைத் தண்டிக்கும் அமெரிக்காவின் ரிக்கோ (RICO) சட்டம் நிதி மோசடி வழக்குகளில் எவ்வாறு பயன்படுத்தப்படுகிறது என்பதைக் கற்றுத்தரும் ஆறு வார இணையவழிப் படிப்பொன்றைக் கட்டணம் செலுத்திப் படித்து முடித்தேன். மாஃபியா கும்பல்களை ஒடுக்க 1970-இல் இயற்றப்பட்ட சட்டம் முதலீட்டு நிறுவனங்களின் வாசலுக்கு எப்படி வந்தது என்ற கேள்விக்கு முதல் வாரமே தெளிவான விடை கிடைக்கிறது: அஞ்சல் வழி மோசடியும் தொலைத்தொடர்பு வழி மோசடியும் அச்சட்டத்தின் குற்றப் பட்டியலில் இருக்கின்றன, இவ்விரண்டும் கலவாத நிதி மோசடி அரிது.

படிப்பின் உயிர் மூன்றாம் வாரத்தில் இருக்கிறது. இச்சட்டம் பொருந்துவதற்குப் பத்தாண்டுகளுக்குள் இரண்டு குற்றங்கள் இருந்தாலே போதும் என்றுதான் நான் எண்ணியிருந்தேன். ஆசிரியர் இரண்டு கற்பனைக் கோப்புகளைத் திரையில் காட்டினார். ஒன்றில் மூன்று வாரங்களுக்குள் அனுப்பிய ஐந்து பொய்க் கடிதங்கள். மற்றதில் அதே ஐந்தும் மூன்றாண்டுகளில் அனுப்பப்பட்டவை. தேதிகள் மட்டுமே வேறு. இரண்டுக்கும் ரிக்கோ பொருந்தும் என்று குறித்தேன், தவறாகிவிட்டது. குற்றங்களுக்கிடையே தொடர்பும் தொடர்ச்சியும் வேண்டும் என்று 1989-இல் உச்ச நீதிமன்றம் கூறியிருப்பதால், மேலும் நீளும் ஆபத்து இல்லாத சில வார மோசடி இச்சட்டத்துக்குள் வராது என்பதை அந்தத் தேதிகளை மறுபடி பார்த்தபோதுதான் உணர்ந்தேன்.

ஐந்தாம் வாரம் ஏமாற்றமளித்தது. பிரின்ஸ்டன்-நியூபோர்ட் பார்ட்னர்ஸ் என்ற முதலீட்டு நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள் மீது 1988-இல் ரிக்கோவின் கீழ் குற்றம் சாட்டப்பட்டது; விசாரணை தொடங்குமுன்பே நிறுவனம் கலைக்கப்பட்டது; 1989-இல் அவர்கள் குற்றவாளிகள் எனத் தீர்ப்பாயிற்று. பாடம் இத்துடன் நின்றுவிடுகிறது. அந்த ரிக்கோ தீர்ப்புகளை 1991-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் ரத்து செய்தது பற்றி ஒரு வரிகூட இல்லை. என் பார்வையில், இச்சட்டத்தைப் பற்றி மாணவர் அறிய வேண்டியவற்றுள் முதன்மையானது இதுவே: தீர்ப்பு நிலைக்காமல் போனாலும், இச்சட்டம் அனுமதிக்கும் சொத்துப் பறிமுதல் குறித்த அச்சம் ஒரு நிறுவனத்தை அதற்கு முன்பே முடித்துவிடக்கூடும். 1988 இறுதியில் டிரெக்சல் பர்ன்ஹாம் லாம்பர்ட் என்ற முதலீட்டு வங்கி, ரிக்கோ குற்றச்சாட்டை எதிர்நோக்கிய நிலையில், நீதிமன்றத்தில் போராடாமல் 65 கோடி டாலர் செலுத்த ஏன் இசைந்தது என்பதும் அந்த அச்சத்தை அறிந்தவருக்கே விளங்கும்.

ஆர்க்கிகோஸ் என்ற முதலீட்டு நிறுவனத்தின் நிறுவனர் பில் ஹுவாங் 2024-இல் ரிக்கோ சதிக் குற்றத்தில் குற்றவாளியெனத் தீர்ப்பான வழக்கைச் சேர்த்திருப்பது நன்று. இச்சட்டத்தின் கீழ் பாதிக்கப்பட்டோர் மும்மடங்கு இழப்பீடு கோரித் தொடுக்கும் உரிமையியல் வழக்குகளுக்கு அரைமணி நேரம் மட்டுமே ஒதுக்கியிருப்பது போதாது.

மூன்றாம் வாரத்துக்காகவே தணிக்கையாளர்களும் சட்ட மாணவர்களும் இப்படிப்பில் சேரலாம். ஐந்தாம் வாரத்துக்குப் போகுமுன் அந்த 1991 தீர்ப்பைத் தேடிப் படித்துவிடுங்கள்.