காயீன்–ஆபேல் ஜோடியா, பேதுருவின் முழுக் கதையா? பிள்ளைகளுக்கு வேதாகம மனிதர்களைச் சொல்லிக்கொடுக்கும் மூன்று வழிகள்

ஞாயிறு பள்ளியில் ‘நல்ல முன்மாதிரி, கெட்ட முன்மாதிரி’ என்று பாடம் எடுக்காத ஆசிரியர் இருக்க மாட்டார். எடுக்கும் விதம்தான் மாறுகிறது. சிலர் இரண்டு பேரை எதிரெதிரே நிறுத்துவார்கள்: காயீன்–ஆபேல், சவுல்–தாவீது. சிலர் ஒரே ஆளை எடுத்துக்கொண்டு நான்கைந்து வாரம் அவரோடேயே போவார்கள். அவர் விழுந்ததும் எழுந்ததும் ஒரே கதையில் வந்துவிடும். இன்னும் சிலர், முடிவெடுக்க வேண்டிய இடத்தில் கதையை நிறுத்தி, “இப்போ இவர் என்ன செய்வார்?” என்று பிள்ளைகளிடமே கேட்பார்கள். மூன்றுக்கும் இடம் இருக்கிறது. ஆனால் வாராவாரம் நடக்கும் வகுப்புக்கு எதை அடிப்படையாக வைப்பது என்றால், தயங்காமல் இரண்டாவது வழியைத்தான் சொல்வோம். ஏன் என்பதற்கு, முதலில் ஜோடி முறையைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும்.

ஜோடி முறை: எளிது, அதனாலேயே கவனம் வேண்டும்

40 நிமிட வகுப்பு, இரண்டு படம், ஒரு மனப்பாட வசனம். அன்றைக்கே பாடம் முடிந்துவிடும். 5 முதல் 7 வயதுப் பிள்ளைகளுக்கு இது நன்றாகப் பிடிபடும். வி.பி.எஸ். (விடுமுறை வேதாகமப் பள்ளி) போன்ற இடங்களுக்கும் இதுதான் பொருத்தம். இன்றைக்கு வந்த பிள்ளை நாளைக்கு வருமா என்று தெரியாது, வேதாகமமே கையில் எடுத்திராத பிள்ளைகளும் நடுவில் உட்கார்ந்திருப்பார்கள்.

சிக்கல், ஜோடியைத் தேர்ந்தெடுப்பதில் வருகிறது. வேதம் பிரிக்காத இடத்தில் ஆசிரியர் தாமே பிரித்துவிடுகிறார். இயேசுவின் காலடியில் உட்கார்ந்து கேட்ட மரியாள் நல்லவள், வீட்டு வேலையில் ஓடியாடிய அவள் சகோதரி மார்த்தாள் கெட்டவள் என்று பாடம் முடிந்தால், வீட்டில் அம்மாவுக்குக் கூடமாட வேலை செய்துவிட்டு வந்த பெண்பிள்ளை என்ன நினைப்பாள்? லூக்கா 10-இல் இயேசு திருத்துவது மார்த்தாளின் கவலையையும் முறுமுறுப்பையும், சமையலை அல்ல. யோவான் 11:27-இல் ‘நீர் தேவகுமாரனாகிய கிறிஸ்து’ என்று அறிக்கையிடுவதும் அதே மார்த்தாள்தான். ரூத்–ஓர்பாள் என்ற இரண்டு மருமகள்களும் அப்படித்தான். ஓர்பாள் மாமியார் சொன்னதைக் கேட்டு, அழுதுகொண்டே தாய்வீடு திரும்பினாள்; அவளைக் கெட்டவள் என்று ரூத்தின் புத்தகம் ஒரு வரிகூடச் சொல்லவில்லை. யாக்கோபு–ஏசா இன்னும் மோசம். தகப்பனை ஏமாற்றியவன் ‘நல்லவன்’ பக்கம் போய்விடுவான். ஆதியாகமம் 33-இல் ஓடிவந்து தம்பியைக் கட்டிப்பிடித்து அழுத ஏசா ‘கெட்டவன்’ பக்கம் நிற்பான். பத்து வயதுப் பிள்ளை இதைக் கேட்டே விடும். பதில் இல்லாமல் நிற்பதைவிட அந்த ஜோடியைத் தொடாமல் விடுவது மேல்.

ஆகவே ஒரு விதி வைத்துக்கொள்ளலாம்: வேதமே பக்கத்தில் பக்கத்தில் வைத்த ஜோடியை மட்டும் எடுப்பது. அதற்கு 1 சாமுவேல் 2, 3 அதிகாரங்கள் அருமையான இடம். ஒரே ஆலயம், ஆசாரியர் ஏலி ஒருவரே, ஒரே வேலை. ஏலியின் மகன்கள் ஓப்னியும் பினெகாசும் ஆசாரியராக இருக்கும்போது, அவர்கள் வேலைக்காரன் மூன்று கூருள்ள முள்கரண்டியைப் பலி இறைச்சி வேகும் பானைக்குள் விட்டு, வந்ததையெல்லாம் எடுத்துக்கொள்வான். கொழுப்பைத் தகனிக்கும் முன்பே பச்சை இறைச்சி கேட்டு மிரட்டுவான். இரண்டு வசனம் தள்ளி, சணல்நூல் ஏபோத்து (ஆசாரியர் உடை) கட்டிய சிறுவன் சாமுவேல் வருகிறான். அவன் அம்மா வருஷாவருஷம் ஒரு சின்னச் சட்டை தைத்துக் கொண்டுவருகிறாள். பானை, முள்கரண்டி, சின்னச் சட்டை என்று மூன்று பொருளை மேஜையில் வைத்துவிட்டால் படமே வேண்டாம்.

8 வயதுக்கு மேல் 2 இராஜாக்கள் 5 நல்லது. குஷ்டரோகியான சீரியப் படைத்தலைவன் நாகமானின் கதையில் பெயரே சொல்லப்படாத ஒரு சிறைப்பட்ட சிறுமி. தன்னைப் பிடித்துப்போன வீட்டுக்காரன் குணமாக வேண்டும் என்று அவள் பேசுவது ஒரே வாக்கியம். அதே அதிகாரத்தின் கடைசியில், தீர்க்கதரிசி எலிசாவின் வேலைக்காரன் கேயாசி. நாகமான் குணமானதும் கொடுத்த காணிக்கையை எலிசா வேண்டாம் என்று சொல்லியிருக்க, இவன் ஓடிப்போய் ஒரு தாலந்து வெள்ளியும் இரண்டு மாற்று வஸ்திரமும் கேட்கிறான். நாகமான் வற்புறுத்தி இரண்டு தாலந்து கொடுக்கிறான். ஒரு தாலந்து 30 கிலோவுக்கும் மேல். கடையில் விற்கும் 25 கிலோ அரிசிச் சிப்பத்தைவிடக் கனம். அதனால்தான் இரண்டு வேலைக்காரர் சுமந்து வருகிறார்கள். இதைச் சொன்னால், “எங்கும் போகவில்லை” என்று கேயாசி சொன்ன பொய் எவ்வளவு பெரியது என்பது பிள்ளைகளுக்குத் தானாகவே புரியும்.

இந்தக் கதையில் ஒரு எச்சரிக்கை. கேயாசிக்கு வந்த குஷ்டரோகத்தோடு பாடத்தை முடித்தால், ‘வியாதி வந்தால் பாவம் செய்திருப்பார்கள்’ என்று பிள்ளை எடுத்துக்கொள்ளும். யோவான் 9:3-ஐ அதே வகுப்பில் வாசித்துவிடுங்கள். பிறவிக் குருடனைப் பார்த்து அந்த எண்ணத்தை இயேசுவே மறுக்கிறார். தொழுநோய் ஒரு கிருமியால் வருவது, மாத்திரையால் முழுதாகக் குணமாவது என்பதையும் இரண்டு வாக்கியத்தில் சொல்ல வேண்டும். இதை விடவே கூடாது.

சவுல்–தாவீது ஜோடியில் அடிக்கடி வரும் பிழை: ‘சவுல் பாவத்தை ஒத்துக்கொள்ளவில்லை, தாவீது ஒத்துக்கொண்டார்.’ 1 சாமுவேல் 15:24-ஐத் திறந்து பாருங்கள். ‘நான் பாவஞ்செய்தேன்’ என்று சவுலும் சொல்கிறார். வித்தியாசம் அதற்கு முன்னும் பின்னும் இருக்கிறது. எதிரியின் ஆடுமாடுகளை மிச்சம் வைக்காதே என்ற கட்டளையை மீறிய சவுல், முதலில் கீழ்ப்படிந்துவிட்டேன் என்கிறார், ஆடுகள் கத்துவது கேட்டதும் ஜனங்கள்மேல் பழி போடுகிறார், கடைசியில் மூப்பருக்கு முன்பாகத் தம்மைக் கனம்பண்ணும்படி கேட்கிறார். பழியைத் தள்ளிவிடுவது எந்தப் பிள்ளைக்கும் தெரிந்த விஷயம். பாடத்தை அங்கே நிறுத்துங்கள். தாவீது பாவம் செய்த பத்சேபாள் விஷயத்தை 12 வயதுக்குக் கீழே கொண்டுபோக வேண்டாம்.

படம் வரையும்போதும் நடிக்க வைக்கும்போதும் ஒன்று. கெட்டவனைக் கறுப்பாக, அவலட்சணமாக வரையும் பழக்கம் நம்மிடம் ஊறிக் கிடக்கிறது. வேதத்தில் சவுல்தான் இஸ்ரவேலிலேயே அழகன், உயரமானவன், அப்சலோமும் பேரழகன். அவர்களை அப்படியே வரையுங்கள். குறும்பு செய்யும் பையனுக்கே காயீன் வேஷம் கொடுத்தால், மறுவாரமும் அவன் பெயர் காயீன்தான். அந்த வேஷத்தை ஆசிரியரே போட்டுக்கொண்டால் தொல்லை இல்லை.

ஒரே ஆள், பல வாரம்

ஜோடி முறையால் காட்ட முடியாத ஒன்று இருக்கிறது: விழுந்தவன் என்ன ஆனான்? பிள்ளை வீட்டில் பொய் சொல்லும், தம்பியை அடிக்கும். ‘நான் கெட்டவன் பக்கம்’ என்று தோன்றினால், ஜோடிப் படத்தில் அதற்குத் திரும்பி வர வழியே இல்லை. பேதுருவின் கதையில் உண்டு. 8 முதல் 11 வயதுக்கு ஐந்து வாரமாகப் பிரிக்கலாம்.

முதல் வாரம் லூக்கா 5: இராமுழுதும் ஒன்றும் கிடைக்காத வலை. இரண்டாவது மத்தேயு 14: தண்ணீரில் அமிழ்ந்தது பேதுரு ஒருவர்தான், ஆனால் படகை விட்டு இறங்கியதும் அவர் ஒருவர்தான். மூன்றாவது யோவான் 13: கால் கழுவும்போது பேசிய பேச்சும், ‘ஜீவனையும் கொடுப்பேன்’ என்ற வீராப்பும்.

நான்காவது வாரம்தான் முக்கியம். இயேசுவைத் தெரியாது என்று பேதுரு மறுதலித்ததை ஒரு வாரமும், திரும்பச் சேர்ந்ததை மறுவாரமும் வைக்காதீர்கள். மறுவாரம் வராத பிள்ளைக்குப் பேதுரு அழுதுகொண்டே வெளியே போனதுதான் முடிவாக நிற்கும். இரண்டையும் ஒரே நாளில் முடியுங்கள்: மறுதலிப்புக்கு 15 நிமிடம், யோவான் 21-க்கு 20 நிமிடம். ஒரு சின்ன மண்சட்டியில் கரித்துண்டுகளை வையுங்கள், பற்றவைக்க வேண்டாம். யோவான் 18:18-இல் பேதுரு குளிர்காய்ந்தது கரிநெருப்பில். 21:9-இல் இயேசு மீன் சுட்டு வைத்திருந்ததும் கரிநெருப்பில். மூன்று முறை ‘தெரியாது’ என்றவரிடம் மூன்று முறை ‘என்னை நேசிக்கிறாயா?’ என்று கேட்கிறார். ஏன் மூன்று என்பதை நீங்கள் சொல்லிவிடாதீர்கள். யாராவது ஒரு பிள்ளை கண்டுபிடிக்கும், அது கண்டுபிடித்ததை மற்றவர்கள் மறக்க மாட்டார்கள்.

ஐந்தாவது வாரம் அப்போஸ்தலர் 4. விசாரணையில் நிற்கும் பேதுருவின் எதிரே உட்கார்ந்திருப்பது பிரதான ஆசாரியர்கள் அன்னாவும் காய்பாவும். மறுதலித்த இரவில் இயேசுவை விசாரித்த அதே ஆட்கள். 12 வயதுக்கு மேல் என்றால் ஆறாவதாகக் கலாத்தியர் 2:11-14 சேர்த்துக்கொள்ளலாம். யூதர்கள் சிலர் வந்ததும், புறஜாதியாரோடு (யூதரல்லாதவர்களோடு) சாப்பிட்டுக்கொண்டிருந்த பேதுரு எழுந்து விலகுகிறார். பவுல் எல்லார் முன்னிலையிலும் கேட்கிறார். யாரோடு உட்கார்ந்து சாப்பிடுவது என்பது நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு விளக்க வேண்டிய விஷயமே இல்லை. பூசி மெழுகாமல் பேசுங்கள்.

மூன்று வாரம்தான் இருக்கிறது என்றால் யோசேப்பின் அண்ணன் யூதாவை எடுக்கலாம். ஆதியாகமம் 37-இல் யோசேப்பை விற்றுவிடலாம் என்று யோசனை சொன்னவன், 20 வெள்ளிக்காசு. 43-இல் கடைசித் தம்பி பென்யமீனுக்குப் பிணை நிற்கிறான். 44-இல் தம்பிக்குப் பதிலாக நானே அடிமையாகிறேன் என்கிறான். நடுவில் 38-ஆம் அதிகாரம் சிறுவர் வகுப்புக்கு வேண்டாம்.

இந்த முறைக்குப் பெரிய எதிரி வருகைப் பதிவேடு. பரீட்சை மாதத்தில் பாதி வகுப்பு காலி. கயிற்றில் வாரத்துக்கு ஒரு அட்டை மாட்டி வைத்து, வகுப்பு தொடங்கும்போது இரண்டு நிமிடம் ஒரு பிள்ளையை விட்டு முந்தின கதையைச் சொல்லச் சொல்லுங்கள். வராதவர்களுக்கு அது போதும்.

நிறுத்திக் கேட்பது

தீர்க்கதரிசி நாத்தான், பாவம் செய்த தாவீதிடம் செய்தது இதுதான். ஏழையின் ஆட்டுக்குட்டிக் கதையைச் சொன்னார், தீர்ப்பைத் தாவீதின் வாயாலேயே வரவழைத்தார். கெட்டகுமாரன் உவமையையும் இயேசு இப்படித்தான் விடுகிறார். மூத்தவன் வீட்டுக்குள் போனானா இல்லையா என்று லூக்கா 15-இல் இல்லை.

தனியாக ஒரு பாடத்திட்டமாக இதை வைப்பது கடினம். எல்லாக் கதையிலும் நிறுத்த நல்ல இடம் கிடைக்காது. 15 பேருக்கு மேல் போனால் பேசுகிற நான்கு பேரே பேசுவார்கள். ஐந்தைந்து பேராகப் பிரிக்க உதவியாளர் வேண்டும். மற்ற இரண்டு முறைகளுக்குள் வைத்தால்தான் இது பலன் தரும், ஒரு கதைக்கு அதிகபட்சம் இரண்டு நிறுத்தம். பாரத்தைக் குறைக்கக் கேட்ட ஜனங்களிடம் ராஜா ரெகொபெயாம் ‘மூன்று நாள் பொறுங்கள்’ என்று சொல்லும் இடம் ஒன்று. உணவு கேட்டபோது அவமதித்த நாபாலிடம் பழிவாங்கத் தாவீது 400 பேரோடு பட்டயம் கட்டிக்கொண்டு கிளம்பும் இடம் இன்னொன்று. ‘நல்லவர்’ என்று பழகிய தாவீதை அங்கே பார்த்துப் பிள்ளைகள் திகைப்பார்கள். அவனைத் தடுக்க நாபாலின் மனைவி அபிகாயில் வரும்வரை அந்தத் திகைப்பு இருக்கட்டும்.

“என்ன செய்ய வேண்டும்?” என்று கேட்டால் வரும் பதில் “ஜெபம் பண்ணணும்” என்பதே. “அவனுக்கு எது கஷ்டமாக இருந்திருக்கும்?” என்று கேளுங்கள், பத்து விநாடி வாயைத் திறக்காமல் இருங்கள். அப்போதுதான் சொந்தப் பதில் வரும்.

வீட்டுக் குடும்ப ஜெபத்துக்கு இந்த மூன்றாவது முறையே மிகவும் ஏற்றது; மூன்று நான்கு பேர், பத்து நிமிடம், ஒரு நிறுத்தம். ஒன்றை மட்டும் தவிர்த்துவிடுங்கள். பிள்ளை பொய் சொன்ன அன்று ராத்திரியே கேயாசியை எடுக்காதீர்கள், பொய் சொல்லி அப்படியே விழுந்து இறந்த அனனியா–சப்பீராளை எடுக்கவே எடுக்காதீர்கள். பொய்யைப் பற்றி அன்றைக்கே நேராகப் பேசி முடித்துவிட்டு, கேயாசியை இரண்டு வாரம் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் வேதக் கதை என்றாலே திட்டு விழப்போகிறது என்று பிள்ளை பழகிவிடும்.