பேரா ஆற்றின் பழுப்பை மறைக்காத ஓவியம்

சாமிப் படங்களுக்கும் திருமணப் படங்களுக்கும் சட்டம் போட்டுத் தரும் மலேசியாவின் சுங்கை சிப்புட் கடை ஒன்றில், பேரா ஆற்றைக் கடக்கும் பழைய ரயில் பாலமான கராய் விக்டோரியா பாலத்தைக் காட்டும் அக்ரிலிக் ஓவியம் ஒன்றை 260 வெள்ளிக்கு வாங்கினேன். அகலம் மூன்றடி, உயரம் இரண்டடி. அச்சுப்படம் அன்று, கேன்வாஸில் கையால் தீட்டியது. இயற்கைக் காட்சி என்று நம் கடைகளில் தொங்குபவை பெரும்பாலும் பனிமலையும் நீல ஏரியுமாகவே இருக்க, கோலகங்சார் வட்டாரத்தார் அனைவருக்கும் பழக்கமான ஒரு பாலத்தை ஒருவர் வரைந்திருப்பதே என்னை நிற்க வைத்தது.

இந்த ஓவியத்தின் உயிர் அதன் தண்ணீரில் இருக்கிறது. வண்டல் சுமந்து வரும் பேரா ஆற்றுக்கு நீலம் பூசி அழகுபடுத்தாமல், பழுப்பும் சாம்பலும் மங்கிய பச்சையும் கொண்டே ஓவியர் அமைதியை வரவழைத்திருக்கிறார். கலங்கிய நீரில் மண்துகள்கள் சிதறடிக்கும் ஒளியும் சேர்ந்துகொள்வதால், கருத்த பொருளின் பிம்பம் கூட அதில் சற்று வெளிறித்தான் தெரியும். இதைக் கவனித்தவர் போல, செங்கல் தூண்களின் சிவப்பை நீருக்குள் பாதியாகக் குறைத்து மண்நிறத்தைக் குழைத்திருக்கிறார். கிட்டே போனால் ஈரமில்லாத் தூரிகையைக் கிடையாக இழுத்த கீற்றுகள்தாம் தெரிகின்றன. நாலடி தள்ளி நின்றால் ஆறு ஓடுகிறது.

பாலத்தின் பிம்பத்தில்தான் அவர் சறுக்கியிருக்கிறார். மேலே உள்ள இரும்புச் சட்டகத்தை அப்படியே தலைகீழாகப் படியெடுத்து வைத்துவிட்டார். உயர்ந்த கரையிலிருந்து பார்க்கும் காட்சியில், பாலத்தின் அடிப்பாகமும் குறுக்கு உத்திரங்களும் நீரில் தெரிந்தாக வேண்டும். அவை இல்லாததால் அந்தப் பகுதி மட்டும் வெட்டி ஒட்டியது போல் இருக்கிறது.

வீட்டுக்கு வருகிறவர்கள் ரயிலைக் காணோமே என்கிறார்கள். 1897-இல் தொடங்கி 1900-இல் திறக்கப்பட்ட அந்த ஒற்றைத் தடப் பாலத்தில் 2002-இலேயே ரயில் ஓட்டம் நின்றுவிட்டது. ஆகவே வெறும் தண்டவாளமே சரி. பக்கத்தில் நிற்கும் புதிய பாலத்தை ஓவியர் விட்டுவிட்டது வேறு கதை. அது இன்றைய காட்சியைப் பொய்யாக்குகிறது என்று ஒரு நண்பர் வாதிட்டார். கண்ணை எங்கே நிறுத்த வேண்டும் என்று முடிவு செய்வது வரைபவரின் உரிமை என்பதால் எனக்கு அதில் குறையில்லை.

சட்டம் போட்ட விதம்தான் திருப்தியாக இல்லை. நீர்வண்ண ஓவியத்துக்குக் கண்ணாடி தேவை; அக்ரிலிக்குக்குத் தேவையில்லை. கடைக்காரரோ வழக்கப்படி கண்ணாடியைக் கேன்வாஸோடு ஒட்டினாற்போல் பொருத்திவிட்டார். நம் ஊர் ஈரப்பதத்தில் இடைவெளியில்லாக் கண்ணாடிக்குப் பின்னால் பூஞ்சை பிடிக்கும், வண்ணமும் கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும் என்று எடுத்துச் சொன்ன பிறகு, முகம் சுளிக்காமல் கழற்றித் தந்தார். கண்ணாடிக்கான காசைத் திருப்பித் தரவில்லை. வாங்க நினைப்பவர்கள் மரச்சட்டம் மட்டும் போதும் என்று முன்கூட்டியே சொல்லி, விலையையும் அதற்கேற்பப் பேசிக்கொள்ளலாம்.