திடீர்னு சுங்கை சிப்புட்டுக்கு மாத்தல்: ஈப்போலேருந்து போய்வரதா, தாமான் வீடா, தோட்டத்து ரூமா?

மலேசியாவுல, கோலாலம்பூர் பக்கத்துல இருக்கற பெட்டாலிங் ஜெயால, ஒரு டியூஷன் சென்டர் கிளையில ரெண்டு வருஷமா இங்கிலீஷ் சொல்லிக்குடுத்துட்டு இருந்தேன். ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆபீஸ்ல கூப்பிட்டு, இந்தக் கிளையை மூடறோம், இன்னும் 10 நாள்ல நீங்க பேராக் மாநிலத்துல சுங்கை சிப்புட் கிளையில இருக்கணும்னு சொல்லிட்டாங்க. காண்ட்ராக்ட்டை எடுத்துப் பார்த்தா எந்தக் கிளைக்கும் மாத்தலாம்னு ஒரு வரி இருக்கு, திருச்சியில உக்காந்து கையெழுத்து போட்டப்ப அந்த வரி கண்ணுலயே படல. வேண்டாம்னு விட்டுட்டு வேற இடம் தேடலாம்னா, நம்மள மாதிரி வெளிநாட்டுலேருந்து வந்தவங்களுக்கு வேலை பாஸே முதலாளியைச் சார்ந்துதான் இருக்கு, புது முதலாளி புதுசா அப்ளை பண்ணி அது கிடைச்சாதான் அங்க வேலை செய்ய முடியும், அதுவரைக்கும் வாடகையும் ஊருக்கு அனுப்புற காசும் யார் குடுப்பா? கிளம்பிட்டேன்.

எங்க தங்கறதுங்கறது சின்ன விஷயம்னு நினைக்காதீங்க. சுங்கை சிப்புட்டுக்கு மேற்க, கொஞ்ச தூரத்துலதான் கோலகங்சார். அங்க மலாய் காலேஜ்ல 1954-ல இங்கிலீஷ் சொல்லிக்குடுக்க வந்தவர் ஆந்தனி பர்ஜஸ், பின்னாடி பெரிய எழுத்தாளர் ஆனவர். தங்குற வீட்டைப் பத்தி பிரின்சிபாலோட தகராறு வந்து அவரை கிளந்தான்ல கோத்தா பாருவுக்கு மாத்திட்டாங்க. அவ்வளவு பெரிய ஆளுக்கே வீடு சரியில்லன்னா வேலை ஆடிப்போகுது.

எனக்கு முன்னாடி மூணு வழி இருந்துச்சு, மூணுலயும் இருந்து பார்த்துட்டேன். என் வகுப்பு மதியம் 2.30-லேருந்து ராத்திரி 9 மணி வரைக்கும், நான் தனியா இருக்கற பொண்ணு, இங்கத்த லைசென்ஸ் கிடையாது, அதை மனசுல வச்சுக்கிட்டு படிங்க.

முதல்ல ஈப்போ, பேராக்கோட தலைநகரம். எல்லாரும் அதைத்தான் சொன்னாங்க, நல்ல ஆஸ்பத்திரி இருக்கு, லிட்டில் இந்தியா இருக்கு, பேச்சுத்துணைக்கு ஆள் இருக்கு, 30 கிலோமீட்டர்தானேன்னு. 2015-லேருந்து இ.டி.எஸ்ங்கற மின்சார ரயில் இந்தப் பாதையில தாய்லாந்து எல்லையில இருக்கற பாடாங் பெசார் வரைக்கும் ஓடுது, சுங்கை சிப்புட்லயும் ஸ்டேஷன் இருக்கு, அதனால நானும் நம்பிப் போனேன். ரயில் தப்பே இல்ல, ஆனா அது தூரம் போறவங்களுக்கான நேரத்துல ஓடுது, ராத்திரி 9 மணிக்கு வகுப்பை முடிச்சிட்டு சாக்பீஸ் கையோட ஓடிவர்ற டீச்சருக்காக ஓடல. பஸ்ஸும் அந்த நேரத்துக்கு இல்ல. கூட வேலை பார்க்கற அக்கா ஒருத்தங்க ஈப்போக்காரங்க, அவங்க காடியில (இங்க காருக்கு காடின்னுதான் சொல்றாங்க) ஒரு வாரம் போய்வந்தேன், அவங்களுக்குக் காய்ச்சல் வந்த அன்னைக்கு நான் மாட்டிக்கிட்டேன். சாயங்காலத்துலேருந்து கொட்டின மழை, கிராப் ஆப்ல டாக்சி கூப்பிட்டா ஆள் கிடைக்காம சுத்திக்கிட்டே இருக்கு, கடையெல்லாம் ஷட்டர் இறக்கியாச்சு, பக்கத்து ஒட்டுக்கடை அண்ணன்தான், நீங்க உள்ள உக்காருங்க டீச்சர், காடி வந்தப்புறம் நான் மூடறேன்னு சொல்லி ஒரு தே ஓ (பால் இல்லாத டீ) போட்டுக் குடுத்து 50 நிமிஷம் காத்திருந்தார். அந்த நன்றியை நான் மறக்கமாட்டேன், ஆனா ஒவ்வொரு ராத்திரியும் இன்னொருத்தர் கடையைத் திறந்து வச்சிருக்கணும்னா அது போய்வர வழி இல்லை. சொந்தமா காடி ஓட்டறவங்களுக்கும் காலை வகுப்பு இருக்கறவங்களுக்கும் ஈப்போ நல்லாவே ஒத்துவரும்.

அடுத்து தோட்டம். கிளையில கூட்டிப் பெருக்கற அக்காவோட மாமியார் லிந்தாங் ரோட்டுப் பக்கம் ஒரு தோட்டத்துல இருக்காங்க, வீடு பார்க்கற வரைக்கும் வந்து இருங்கன்னு கூப்பிட்டாங்க. மூணு வாரம் இருந்தேன், வாடகைன்னு ஒரு வெள்ளி (ரிங்கிட்டை இங்க அப்படித்தான் சொல்றாங்க) வாங்கல, அரிசி மட்டும் வாங்கிப் போட்டேன். ஒரு காலத்துல பால்மரமா (ரப்பர் மரம்) இருந்த இடம், இப்ப பாதிக்கு மேல செம்பனை, அதாவது எண்ணெய்ப் பனை. பலகைச் சுவர், தகரக் கூரை, பின்னால வாழைமரம், ராத்திரி செம்பனைக்குள்ளேருந்து ஆந்தை கத்தும், எலியைப் பிடிக்கத்தான் அதுக்குப் பெட்டி கட்டி வளர்க்கறாங்களாம், அந்த மாமியார் பாட்டி சொல்லித்தான் தெரியும். கதவைத் தாண்டினா யாரைப் பார்த்தாலும் முதல் கேள்வி "பசியாறிட்டீங்களா?"தான்.

ஒரு நாள் என் மாத்தல் கதையைச் சொல்லி அழுதுட்டேன். பாட்டி முருங்கைக்கீரையை உருவிக்கிட்டே கேட்டுட்டு, "ஒனக்கு பத்து நாளு குடுத்தாங்களா? எனக்கு அப்ப ஒம்போது வயசு டீச்சரு, தோட்டத்த துண்டு போட்டு வித்துட்டாங்கன்னாங்க, அம்மா சட்டி பானைய லோரியில ஏத்துனாங்க, நான் கோழிய மடியில வச்சிக்கிட்டு வந்தேன்"னாங்க. அது தோட்டத் துண்டாடல் காலம், வெள்ளைக்காரக் கம்பெனிங்க பெரிய தோட்டங்களைச் சின்னச் சின்னத் துண்டா வித்துட்டுப் போனப்ப வேலையும் வீடும் சேர்ந்தே போச்சு. இந்த ஊர்ல பிறந்து மலேசியாவுல மந்திரியா இருந்த துன் சம்பந்தன் 1960-ல தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தை ஆரம்பிச்சு, தொழிலாளிங்க மாசம் 10 வெள்ளி போட்டு தோட்டத்தைத் தாங்களே வாங்கணும்னு ஊர் ஊராப் போய்ச் சொன்னது அதனாலதான். பாட்டியோட அப்பாவும் கட்டியிருக்கார்.

என் பாடத்துக்கும் தோட்டம் குடுத்தது நிறைய. பிள்ளைங்க எல்லாரும் "ஐ ஃபாலோ மை ஃபாதர் கோ டவுன்"னு எழுதுவாங்க, ஃபாலோன்னா பின்னாடியே போறதும்மான்னு சிவப்பு மையில அடிச்சு அடிச்சு எனக்குக் கை வலிக்கும். இந்த வீட்ல பேரன் பக்கத்து வீட்டு மலாய் பையன்கிட்ட பேசறதைக் கேட்டப்பதான் புரிஞ்சுது, மலாய்ல கூட வரதுக்கும் பின்னாடி வரதுக்கும் 'இக்குட்'னு ஒரே சொல். மறுநாள் வகுப்புல அந்தச் சொல்லை போர்டுல எழுதி ரெண்டு படம் போட்டேன், ஒண்ணுல அப்பாவும் பையனும் ஒரே மோட்டார்ல (மோட்டார் சைக்கிளை இங்க அப்படித்தான் சொல்றாங்க), இன்னொண்ணுல அப்பா முன்னாடி மோட்டார்ல, பையன் பின்னாடி சைக்கிள்ல. அதுக்கப்புறம் அந்தத் தப்பு பாதியாக் குறைஞ்சுது.

ஆனா தங்க முடியாது. தோட்ட வீடு கம்பெனியோட வீடு, அங்க வேலை செய்யறவங்களுக்குக் குடுத்தது, வெளியாளை வாடகைக்கு வைக்க அவங்களுக்கு உரிமை இல்ல, என்னால அந்தக் குடும்பத்துக்கு ஆபீஸ்லேருந்து ஒரு வார்த்தை வந்துடக்கூடாது. ஃபோன் சிக்னலும் வாசல் படியில நின்னாதான். பாட்டி மகன் தினமும் ராத்திரி மோட்டார்ல வந்து கூட்டிட்டுப் போனார், அவர் காலையில இருட்டோட எந்திரிச்சு வேலைக்குப் போறவர், எத்தனை நாள் அப்படிக் கேட்கறது?

கடைசியா டவுன்ல தாமான் வீடு, வரிசையா ஒட்டிக் கட்டின வீடுங்க. 650 வெள்ளி வாடகை. இங்க வழக்கம் ரெண்டு மாச டெபாசிட், தண்ணி கரண்டுக்கு அரை மாசம், அதோட முதல் மாச வாடகை, ஆக 2,275 வெள்ளியை எடுத்து வச்சாதான் சாவி. உள்ள ஃபேனும் லைட்டும் தவிர ஒண்ணும் இல்ல, கேஸ் தோங்லேருந்து (சிலிண்டர்) வாளி வரைக்கும் வாங்கணும். முதல் ஞாயித்துக்கிழமை காலியா இருந்த ஹால்ல உக்காந்து சாப்பிட்டப்ப தோட்டத்து வீட்டை நினைச்சு தொண்டை அடைச்சுது, தனிமைன்னு பார்த்தா மூணுலயும் இதுதான் மோசம். ஆனா வகுப்புலேருந்து நடந்து 12 நிமிஷம், வழி பூரா தெருவிளக்கு, பாதி வழியில போலீஸ் ஸ்டேஷன், வீட்ல நல்ல இன்டர்நெட். ரெண்டாவது மாசம் ஒரு நர்ஸ் தங்கச்சி கூடச் சேர்ந்துச்சு, வாடகை ஆளுக்கு 325 ஆச்சு, அவ ஷிஃப்ட் முடிஞ்சு வர நேரம் எனக்குத் தெரியும், என் நேரம் அவளுக்குத் தெரியும்.

அதனால என்னை மாதிரி ராத்திரி வகுப்பு எடுக்கறவங்க கண்ணை மூடிக்கிட்டு தாமான் வீட்டையே பாருங்க, ஆளோட பங்கு போட்டு. வாடகையில ஈப்போ ரூமுக்கும் இதுக்கும் பெரிய வித்தியாசம் எனக்கு வரல, போக்குவரத்துக் காசையும் சேர்த்தா ஈப்போதான் கூட. தோட்டத்துல சொந்தம் இருந்தா முதல் சில வாரம் போய் இருங்க, ஊரைத் தெரிஞ்சுக்க அதை விட நல்ல வழி இல்ல.

ஒண்ணு மட்டும் கெஞ்சிக் கேட்டுக்கறேன். வாடகை அக்ரிமென்ட்ல டிப்ளமேட்டிக் கிளாஸ்னு ஒரு பிரிவு சேர்க்கச் சொல்லுங்க, வேலை மாத்தல் ஆனாலோ பாஸ் ரத்தானாலோ முன்கூட்டி நோட்டீஸ் குடுத்துட்டு டெபாசிட்டோட கிளம்பலாம்னு இருக்கணும், எத்தனை மாசத்துக்கு அப்புறம்னும் தெளிவா எழுதி வாங்குங்க. பெட்டாலிங் ஜெயா வீட்ல அது இல்லாம ரெண்டு மாச டெபாசிட் போச்சு, வீட்டுக்காரர் அக்ரிமென்ட்டைக் காட்டினார், எனக்குப் பேச வாயில்ல. இங்க வீட்டுக்கார சீன ஆன்ட்டிகிட்ட அந்தக் கதையைச் சொன்னேன். அவங்க கண்ணாடியைப் போட்டுக்கிட்டு ரெண்டு காப்பியிலயும் கையாலயே அந்த வரியை எழுதி, பக்கத்துல கையெழுத்தும் போட்டுக் குடுத்தாங்க. இப்ப சனிக்கிழமை காலையில பாட்டி வீட்டுக்குப் போறேன், பேரனோட சேர்த்து ஏழு பிள்ளைங்க, வாசல் படியில உக்காந்து இங்கிலீஷ் படிக்கிறாங்க.