ஈ-மியூ எஸ்பி-1200: வித்தது ஒருத்தருக்கு, புடிச்சுக்கிட்டது வேற ஆளுங்க

முதல்ல விலைய சொல்லிடுறேன், அத கேட்டதும் பாதி பேரு ஓடிடுவீங்க, பரவால்ல. ராஸம் எலக்ட்ரோ-மியூசிக் 2021ல மறுபடி கொண்டு வந்த எஸ்பி-1200 (வெளி சத்தத்த ரெக்கார்ட் பண்ணி உள்ள வெச்சு பட்டன்ல தட்டி வாசிக்கிற டிரம் மிஷின்) வந்தப்ப விலை 3,999 டாலர். பழைய ஒரிஜினல் யூஸ்டு பீஸும் நல்ல கண்டிஷன்ல இருந்தா பல ஆயிரம் டாலர்தான். அதுக்கு என்ன கெடைக்கும்னா 12 பிட், 26.04 கிலோஹெர்ட்ஸ் சாம்ப்ளிங், ஒரிஜினல்ல மொத்தமே பத்து செகண்ட் மெமரி, அதையும் ஒரே துண்டா எடுக்க முடியாது, ஒரு சத்தத்துக்கு மேக்ஸிமம் 2.5 செகண்ட். கணக்கு போட்டா மொத்தம் 390 கேபி சொச்சம் வருது. ஃபேமிலி குரூப்ல காலங்காத்தால வர்ற குட்மார்னிங் படம் இத விட பெருசு.

நான் வாசிச்சது ஒரிஜினல் மிஷின், 1993க்கு அப்பறம் வந்த கருப்பு பாடி. குவீன்ஸ்ல ஃப்ளஷிங் பக்கம், அதான் பவுன் ஸ்ட்ரீட்ல பிள்ளையார் கோயில் கேன்டீன் தோசைக்கு லைன் நிக்கிற ஏரியா, அங்க ஒரு அண்ணன் வீட்டு பேஸ்மென்ட்ல இருக்கு. வீக்கெண்ட் ஆனா அங்கதான் கெடப்பேன். ஸோ இது ஸ்பெக் ஷீட்ட பாத்து எழுதுன ரிவ்யூ இல்ல.

இந்த மிஷின எதுக்கு செஞ்சாங்கன்னு தெரியாம ரிவ்யூ பண்றதுல அர்த்தமே இல்ல, அதனால கொஞ்சம் பழைய கத. ஈ-மியூவ 1971ல ஆரம்பிச்சது கலிஃபோர்னியா சான்டா க்ரூஸ்ல டேவ் ராஸமும் அவரோட கூட்டாளிங்களும், ஸ்காட் வெட்ஜ் அதுல ஒருத்தர். ராஸம் அங்க பயாலஜி படிக்க போன ஆளு, காலேஜுக்கு வந்து எறங்குன மூக் சிந்தசைசர பாத்துட்டு படிப்ப விட்டுட்டு இதுல குதிச்சவரு. பெரிய பெரிய மாடுலர் சிந்தசைசர் செஞ்சு வித்தாங்க, அதோட தங்களோட கீபோர்டு டெக்னாலஜிய மத்த கம்பெனிக்கு லைசென்ஸ் குடுத்து அந்த ராயல்டில காலம் தள்ளிட்டு இருந்தாங்க. 1980 வாக்குல அந்த ராயல்டி வரவு நின்னு போச்சு. அதே சமயம் லாஸ் ஏஞ்சலஸ்ல நடந்த ஆடியோ கண்காட்சில ஆஸ்திரேலியாக்காரங்க செஞ்ச ஃபேர்லைட்ட பாக்குறாங்க, எந்த சத்தத்த வேணா உள்ள வாங்கி கீபோர்டுல வாசிக்கலாம், ஆனா வெல எட்டாத ஒசரம். இதையே நம்ம சீப்பா செய்யலாமேன்னு எறங்குனதுதான் 1981ல வந்த எமுலேட்டர். மொத பீஸ், சீரியல் நம்பர் 001, ஸ்டீவி வொண்டருக்கு போச்சு. அப்பறம் 1983ல டிரமுலேட்டர்னு ஒரு டிரம் மிஷின், 1985ல எஸ்பி-12. எஸ்பின்னா சாம்ப்ளிங் பெர்கஷன், பேர்லயே வேலைய எழுதி ஒட்டிட்டாங்க. அந்த எஸ்பி-12ல பண்ணத சேவ் பண்ண கமடோர் 1541 டிஸ்க் டிரைவ் வாங்கி சொருகணும், வீட்ல புள்ளைங்க கேம் விளையாடுற கம்ப்யூட்டரோட டிரைவ்! 1987ல வந்த எஸ்பி-1200லதான் ஃப்ளாப்பிய உள்ளயே வெச்சு மெமரிய பத்து செகண்டாக்குனாங்க.

ஆக இவங்க மனசுல இருந்த கஸ்டமர் யாருன்னா ஸ்டூடியோல டிரம் ப்ரோக்ராம் பண்றவரு. அவரு தன்னோட ஸ்னேர் டிரம்ம ஒரு தட்டு, கிக் டிரம்ம ஒரு தட்டு ரெக்கார்ட் பண்ணி போட்டுப்பாரு, ஒரு சிம்பல் முழுசா அடங்க 2.5 செகண்ட் போதும்னு கணக்கு. அந்த கணக்குல தப்பே இல்ல. ஆனா நியூயார்க்ல இத கைல எடுத்த ஹிப்ஹாப் பசங்க மைக் வெச்சு டிரம்ம ரெக்கார்ட் பண்ணல, அப்பா அம்மா வெச்சிருந்த எல்பி பெட்டிய தொறந்து அதுல இருந்து ரெண்டு பீட் டிரம், ஒரு கீற்று ஹார்ன், ஒரு பேஸ் லைன்னு வெட்டி எடுத்து முழு பாட்டையே இந்த பொட்டிக்குள்ள கட்டுனாங்க. அல்ட்ராமேக்னெடிக் எம்சீஸ்ங்கற ராப் குரூப்போட செட் ஜீ, பப்ளிக் எனிமி ராப் குரூப்புக்கு பின்னாடி இருந்த ஹாங்க் ஷாக்லி, பீட் ராக், இதே ஃப்ளஷிங்ல வளந்த லார்ஜ் ப்ரொஃபஸர்னு லிஸ்ட் நீளம். ஹவுஸ் மியூசிக் பக்கம் டாட் டெர்ரியும் இதத்தான் புடிச்சாரு. ஈ-மியூ 1990ல இத நிறுத்திட்டாங்க, ஏன்னா ஸ்பெக் படி பாத்தா பழசு, அப்பவே அக்காய் எம்பிசி-60 1988ல 40 கிலோஹெர்ட்ஸோட வந்தாச்சு. ஆனா கேட்டுட்டே இருந்தாங்க, அதனால 93ல மறுபடி போட்டு 98 வரைக்கும் வித்தாங்க. செத்துப் போன மாடல கஸ்டமர் இழுத்துட்டு வந்து உயிர் குடுத்தது இந்த ஃபீல்டுல ரொம்ப அபூர்வம்.

சரி இப்ப வாசிக்கிற விஷயத்துக்கு வரேன், இங்கதான் மெயின் மேட்டரே. நிமிஷத்துக்கு 90 பீட் வேகத்துல ஒரு பார், அதாவது நாலு பீட், 2.67 செகண்ட் வரும். மிஷின்ல எடம் 2.5. உள்ள போகாது. அதனால அந்த பசங்க என்ன பண்ணாங்கன்னா நிமிஷத்துக்கு 33 சுத்துல ஓட வேண்டிய எல்பிய 45ல ஓட விட்டாங்க, பாட்டு 1.35 மடங்கு வேகமா கீச்சுகீச்சுன்னு ஓடும், அதே நாலு பீட் இப்ப 1.98 செகண்ட்ல முடிஞ்சிரும், அத உள்ள வாங்கிட்டு மிஷின்ல பிட்ச்ச கொறச்சு பழைய வேகத்துக்கு கொண்டு வந்துடுவாங்க. மெமரி மிச்சம். ஆனா அதோட இன்னொண்ணும் சேந்து நடக்குது. இந்த மிஷின் பிட்ச் கொறைக்கிறப்ப நடுவுல இருக்க வேண்டிய சாம்பிள கணக்கு போட்டு நிரப்பாது, பக்கத்துல இருக்கறதையே திரும்ப எடுத்து வெச்சுடும், அந்த படிக்கட்டு மாதிரி வேவ்ஃபார்ம்ல இருந்து ஒரிஜினல்ல இல்லாத ஒரு சரசரப்பு மேல வந்து உக்காரும். இன்ஜினியர் கண்ணுல அது கோளாறு. காதுக்கு? ஸ்னேர் செவுத்துல அறையிற மாதிரி வருது, ஹைஹாட்ல ஒரு மணல் தூவுன ஃபீல். இந்த சத்தத்துக்குத்தான் 2021ல அந்த 3,999 டாலர்.

எனக்கு பர்சனலா புடிச்சது பின்னாடி இருக்கற அவுட்புட்டுங்க. எட்டு தனி அவுட்புட் இருக்கு, ஆனா எட்டும் ஒண்ணில்ல. 1, 2ல எஸ்எஸ்எம்2044ன்னு ஒரு அனலாக் ஃபில்டர் சிப், அது சத்தத்தோட சேந்து மூடும், 3ல இருந்து 6 வரைக்கும் ஃபிக்ஸடு ஃபில்டர், 7, 8ல ஃபில்டரே கெடையாது, பச்சையா வரும். அதனால எந்த சத்தத்த எந்த ஓட்டைல விடுறோம்ங்கறதே பாதி மிக்ஸிங். பேஸ் லைன 1ல விட்டா மேல இருக்கற பாட்டு, ட்ரம்பெட் எல்லாம் கரைஞ்சு போய் அடி மட்டும் உருளும், ஹைஹாட்ட 8ல விட்டா பளிச்சுன்னு மேல நிக்கும். மெனுல தேடுற வேலை இல்ல, கேபிள புடுங்கி மாத்தி சொருகு, அவ்ளோதான்.

நான் மொதல்ல போட்டது மிருதங்கம். தொப்பி சைடு ஒரு தட்டு, வலந்தலைல ஒரு சாப்பு, தனித்தனியா. தொப்பிய பிட்ச் கொறச்சு 1ல விட்டப்ப வந்த சத்தத்த ரோலண்ட் 808 டிரம் மிஷினோட கிக்குன்னு சொன்னா நம்பிடுவீங்க. மல்டி-பிட்ச் மோட்ல ஒரே சாப்ப எட்டு பட்டன்லயும் எட்டு சுருதியா பரப்பி வாசிக்கலாம், நேரம் போறதே தெரியாது. தமிழ் சினிமா ரெக்கார்டுல இருந்து எடுக்க நெனைக்கறவங்களுக்கு ஒரு சிக்கல் சொல்றேன், யாரும் சொல்ல மாட்டாங்க. நம்ம ஊர்ல பாட்டு நெறைய வந்தது 45ல ஓடுற குட்டி ஈபில. அது ஏற்கனவே 45, அதுக்கு மேல வேகமா ஓட்டணும்னா 78 இருக்கற டர்ன்டேபிள் வேணும், டிஜேங்க வெச்சிருக்கற பழைய டெக்னிக்ஸ் எஸ்எல்-1200 எம்கே2ல 78 கெடையாது, பிட்ச் ஸ்லைடர முழுசா தள்ளுனாலும் எட்டு பர்சென்ட்தான். 78 இருக்கற பழைய டேபிள் மாட்டுச்சுன்னா ஜாக்பாட், 1.73 மடங்கு, 2.5 செகண்ட்ல 4.3 செகண்ட் பாட்ட அடைக்கலாம், சரசரப்பும் அதுக்கேத்த மாதிரி கூடுதலா வரும். இன்ரெகோ, எக்கோ மாதிரி கம்பெனிங்க போட்ட எல்பி கைல இருந்தா பிரச்சன இல்ல, நேரா 33ல இருந்து 45.

வொர்க்ஃப்ளோ இன்னிக்கி லேப்டாப்ல பழகுனவங்களுக்கு சத்திய சோதனை. ரெண்டு வரி டிஸ்ப்ளே, ஒரு வரிக்கு 16 எழுத்து, வேவ்ஃபார்ம் கண்ணுக்கே தெரியாது, ஸ்லைடர தள்ளி தள்ளி காதுல கேட்டுத்தான் ஆரம்பம் முடிவு வெட்டணும், எடம் மிச்சம் பண்ண வெட்டுனத பர்மனென்ட் ஆக்கிட்டா திரும்ப வராது, அண்டூன்னு ஒண்ணு கெடையவே கெடையாது. "தம்பி, ஸ்க்ரீன என்ன வெறிச்சு பாக்கற, அதுல ஒண்ணும் தெரியாது, கண்ண மூடு" அப்படின்னு அண்ணன் சொல்லிட்டே இருப்பாரு. உண்மதான், கொஞ்ச நாள்ல கை பழகிடுது, எட்டு ஸ்லைடரும் முன்னாடியே நிக்கறதால வால்யூம், ட்யூனிங் எல்லாம் பாட்டு ஓடும்போதே மாத்தலாம், நாலு பேங்க்ல எட்டு எட்டா 32 சத்தம், அதுக்குள்ள பாட்டு முடியணும். எடம் இல்லாததால தேவையில்லாதது எதுவும் உள்ள வராது. நான் கம்ப்யூட்டர்ல பண்ற பீட்டுல 40 ட்ராக் இருக்கும், அதுல 30 சும்மா.

ஒரு விஷயம், சாம்பிள் எடுத்து ரிலீஸ் பண்ற ஐடியா இருந்தா 1991 டிசம்பர்ல, பர்மிஷன் இல்லாம பழைய பாட்ட சாம்பிள் பண்ணதுக்காக ராப்பர் பிஸ் மார்க்கி மேல வந்த நியூயார்க் கோர்ட் தீர்ப்ப பத்தி படிச்சிக்கோங்க. ஜட்ஜ் பைபிள்ல வர்ற திருடாதேங்கற கட்டளையோடதான் தீர்ப்பையே ஆரம்பிச்சாரு. அதுக்கப்பறம் பர்மிஷன் வாங்காம எடுக்குறது பெரிய ரிஸ்க் ஆயிடுச்சு. மிருதங்கம் போட்டதுக்கு அதுவும் ஒரு காரணம்.

ஈ-மியூ கம்பெனி கடைசில என்னாச்சுன்னு கேப்பீங்க. 1993ல சிங்கப்பூர் க்ரியேட்டிவ் கம்பெனி வாங்கிட்டாங்க, 94ல வந்த சவுண்ட் ப்ளாஸ்டர் ஏடபிள்யூஇ32 கார்டுக்குள்ள உக்காந்திருந்தது ஈ-மியூவோட சாம்ப்ளிங் சிப்புதான். ஸ்டீவி வொண்டருக்கு வித்த அதே டெக்னாலஜி பரம்பரை, கம்ப்யூட்டர் கேமுக்கு பின்னணி இசை போட போச்சு. சவுண்ட்ஃபான்ட்னு ஒரு ஃபைல் அந்த காலத்துல டவுன்லோட் பண்ணி கீபோர்டு வாசிச்சவங்க இருப்பீங்களே, அதுவும் இவங்க வீட்டு சரக்குதான். எஸ்பி-1200ல ஹிப்ஹாப் வந்து மாட்டுச்சு, இதுல பிசி கேமர்ஸ் வந்து மாட்டுனாங்க, ரெண்டையும் ஆரம்பத்துல யாரும் ப்ளான் பண்ணிருக்க மாட்டாங்க.

ராஸம் 2015ல தனியா ஆரம்பிச்ச கம்பெனிலதான் அந்த புது எஸ்பி-1200 வந்துச்சு. ஃப்ளாப்பிக்கு பதிலா எஸ்டி கார்டு, டிசைன் பண்ண ஆளே திரும்ப செஞ்சது. அது பெரிய ப்ளஸ், ஃப்ளாப்பி இனிமே கெடைக்கறதே கஷ்டம், கெடைச்சாலும் எப்ப மண்டைய போடும்னு சொல்ல முடியாது.

வாங்கலாமா? சத்தம் மட்டும் வேணும்னா வேண்டாம், அந்த சரசரப்ப கொண்டு வர்ற ப்ளகின் இருக்கு, பாட்ட வேகமா ரெக்கார்ட் பண்ணி சாம்பிள் ரேட்ட கொறச்சு பிட்ச் எறக்குனா ஃப்ரீயாவே பக்கத்துல போயிடலாம், ஹெட்ஃபோன்ல கேக்கறவனுக்கு வித்தியாசம் தெரியாது. ஹார்டுவேர்தான் வேணும்னா ஐலா கம்பெனியோட எஸ்2400 இருக்கு, இதோட வழில வந்தது, மெமரி தாராளம், எனக்கு அந்த தாராளமே ஒரு மாதிரி இருந்துச்சு. டிரம்ம கையால கட்டுறதுதான் உங்க முழு வேலை, காசும் இருக்குன்னா, புதுசுக்கே போங்க. யூஸ்டு பாக்க போறவங்க எட்டு பட்டனையும் அமுக்கி பாருங்க, ஸ்லைடர தள்ளும்போது கரகரன்னு வருதான்னு கேளுங்க, 1, 2 அவுட்புட்டுல ஃபில்டர் உண்மையா மூடுதான்னு ஒரு பேஸ் சத்தத்த போட்டு செக் பண்ணுங்க, அந்த பழைய சிப்பு கெடைக்கறது குதிரக்கொம்பு. ஃப்ளாப்பி டிரைவ எடுத்துட்டு ஏற்கனவே யூஎஸ்பி ஸ்டிக் சொருகுற டிரைவா மாத்தி வெச்சிருந்தா கொஞ்சம் கூட குடுத்தாலும் தப்பில்ல.