சுங்கை சிப்புட் தோட்டத்துக் குளத்து மீன் கடை

உயிர் திலாப்பியா வேண்டுமென்றால் இங்கே தைரியமாகப் போகலாம். கண்ணெதிரே வலை போட்டுப் பிடித்து, செதில் உரசி, குடல் நீக்கித் தருகிறார்கள். சேற்று வாடை துளியும் இல்லை. விற்குமுன் தீனியை நிறுத்தி, ஓடும் தண்ணீரில் விடுகிறார்களாம்.

சுவரில் மைகேப் சான்றிதழ், அதாவது நல்ல வேளாண் முறைக்கு மலேசிய அரசு தரும் சான்று. மீன் வளர்ப்புக்கான பழைய எஸ்பிளாம் திட்டம் 2013-இல் இதற்குள் வந்தது. தீனி, மருந்து, தண்ணீர் எல்லாவற்றுக்கும் பதிவு வைக்கவேண்டும். கேட்டதும் அண்ணன் நோட்டையே எடுத்துக் காட்டினார்.

இருந்தும் மூன்று நட்சத்திரம்தான் தருகிறேன். குளத்துக் கழிவுநீர் நேரே லயத்துப் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகள்) பின்பக்கக் கால்வாயில் விழுகிறது. மழையில்லாத வாரங்களில் பச்சைப் பாசி, குமட்டும் நாற்றம். அங்கே துணி காயப்போடும் அக்காமார்களை யாரும் ஒரு வார்த்தை கேட்டதில்லை. கசடு படிய ஒரு குட்டை வெட்டுங்கள், அண்ணே. நிலமும் நீரும் மாநில அரசின் கையில்தானே, அவர்களும் வந்து பார்க்கட்டும்.